அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள், டீச்சர்?



பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் நவம்பர் 1 பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். 1954-ல் அந்த நாளில்தான் புதுச்சேரியும் நம் காரைக்காலும் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தன. நமக்கு அது விடுமுறை நாள். அதே 1954 நவம்பர் 1 அன்று, பிரான்சின் இன்னொரு காலனியான அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. இங்கே கொடியை இறக்கிவிட்டு அமைதியாகப் போனவர்கள், அங்கே ஏழரை ஆண்டுகள் இரத்தம் சிந்தவைத்து, 1962-ல்தான் வெளியேறினார்கள். இதைத்தான் எழுதியிருந்தேன்.

அதற்குக் கீழே ஒரு பழைய மாணவி எழுதியிருந்த பதில்: "டீச்சர், ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீரியா கதை சொன்னீங்க. கூடையில் குண்டு எடுத்துட்டுப் போன பெண்கள் கதை. சுதந்திரம் கிடைச்சப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டேன். அது சிலபஸ்ல இல்லைன்னு சொல்லி உட்கார வச்சிட்டீங்க. இப்பவாவது சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். சிலபஸ் ஒரு சாக்கு. அன்றைக்கு எனக்கே பதில் தெரியாது. "பெண்களும் விடுதலைப் போரில் பெரும் பங்காற்றினர்" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும் பழக்கம் எங்களுக்கெல்லாம் இருந்தது. அந்த வரிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

நான் அல்ஜீரியா என்ற பெயரை முதலில் கேட்டது எங்கள் தெருவில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் 'சொல்தா' தாத்தா ஒருவர் அங்கே இருந்தார். அல்ஜீரியாவுக்கும் போனவர். சண்டைக் கதை கேட்டால் வாயே திறக்கமாட்டார். ஒருநாள் மட்டும், "அங்கே துப்பாக்கி வச்சிருந்த ஆளுகளைவிட கூடை வச்சிருந்த பொம்பளைங்களுக்குத்தான் பயந்தோம்" என்றார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு வகுப்பில் அவ்வளவு கதை அளந்தேன்!

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1956 செப்டம்பர் 30. தலைநகர் அல்ஜியர்ஸ். காஸ்பா என்ற பழைய நகரப் பகுதியிலிருந்து மூன்று இளம்பெண்கள் ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு புறப்பட்டார்கள். சோதனைச் சாவடிச் சிப்பாய்கள் அவர்களைத் தடுக்கவில்லை. சட்டக் கல்லூரி மாணவி ஸொஹ்ரா திரிஃப் 'மில்க் பார்' என்ற கடையிலும், ஸாமியா லக்தாரி 'கஃபேத்தேரியா' என்ற கடையிலும் பைகளை விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டும் வெடித்தன. ஏர் பிரான்ஸ் அலுவலகத்தில் ஜமீலா பூஹிரெட் வைத்தது வெடிக்கவில்லை. செத்ததும் காயம்பட்டதும் பொதுமக்கள். ஐஸ்கிரீம் சாப்பிட வந்த குழந்தைகளும் அதில் உண்டு. வகுப்பில் இந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டிப் போயிருப்பேன். அது தப்பு. மறுபக்கம் பிரெஞ்சு ராணுவம் கிராமங்களை எரித்தது, ஆயிரக்கணக்கானவர்களைச் சித்திரவதை செய்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அடுத்த ஆண்டு பூஹிரெட் பிடிபட்டார். சித்திரவதைக்குப் பிறகு 1957 ஜூலையில் மரண தண்டனை. உலகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியதால் தண்டனை குறைக்கப்பட்டது. ஹஸீபா பென் பூவாலி என்ற பெண் 1957 அக்டோபர் 8 அன்று, ஒளிந்திருந்த வீட்டை பிரெஞ்சுப் படை வெடிவைத்துத் தகர்த்தபோது இறந்தார். வயது 19. ஜமீலா பூபாஷா 1960-ல் கைதானபோது வயது 22. அவருக்கு நடந்த கொடுமைகளை வழக்கறிஞர் ஜிசேல் ஹலீமியும் எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வாரும் பிரான்சிலேயே அம்பலப்படுத்தினார்கள். பிக்காசோ அந்தப் பெண்ணின் முகத்தை வரைந்தார்.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்கள் மலைக் கிராமங்களில் இருந்தார்கள். நள்ளிரவில் வந்த போராளிகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள், சேதி கொண்டுபோனவர்கள். போருக்குப் பிறகு போராளிகள் என்று அரசுப் பதிவேட்டில் ஏறிய பெண்கள் 10,949 பேர். இந்தக் கணக்கை ஆராய்ந்து வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஜமீலா அம்ரான், இளவயதில் தானே குண்டு வைத்துச் சிறை சென்றவர். பதிவு செய்ய சாட்சி வேண்டும், காகிதம் வேண்டும். ரொட்டி சுட்டதற்கு யார் சாட்சி? "நான் என்ன பெரிசா செஞ்சேன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது என் மாணவியின் கேள்வி.

போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு அடையாளம் தெரிந்தது. 1956 ஆகஸ்டில் தேசிய விடுதலை முன்னணி ஸும்மாம் பள்ளத்தாக்கில் மாநாடு கூட்டி ஒரு கொள்கை அறிக்கை தயாரித்தது. பெண்களின் வீரத்தை அது மனதாரப் புகழ்ந்தது. பிறகு அவர்கள் செய்யவேண்டிய பணிகளைப் பட்டியல் போட்டது: போராளிகளுக்கு மனத்துணை, தகவல் தருவது, உணவு தருவது, புகலிடம் தருவது, போராளிகளின் குடும்பங்களுக்கு உதவுவது. முடிவெடுக்கும் இடம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. 1958-ல் அமைந்த தற்காலிக அரசில் ஒரு பெண் அமைச்சர்கூட இல்லை. எவியானில் பிரான்சோடு பேச்சுவார்த்தை நடத்தியபோது மேசையின் அந்தப் பக்கமும் பெண் இல்லை.

அடுத்ததை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். பிரான்ஸ் தன் நாட்டுப் பெண்களுக்கு 1944-ல் வாக்குரிமை கொடுத்தது. அல்ஜீரிய முஸ்லிம் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 130 ஆண்டு ஆட்சியில் பெரும்பாலான பெண்களுக்கு எழுத்தறிவுகூடத் தராத அரசு அது. போரில் கை நழுவும் நிலை வந்ததும் திடீரென்று பெண்கள்மேல் அக்கறை பிறந்தது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸ் சதுக்கத்தில், ராணுவத்தின் ஏற்பாட்டில், சில பெண்கள் மேடையேறி தங்கள் வெள்ளை முக்காட்டைக் கழற்றிப் போட்டார்கள். அதே செப்டம்பரில் முதல்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். நவம்பரில் மூன்று முஸ்லிம் பெண்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். 1959-ல் திருமணத்துக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், விவாகரத்து நீதிபதி முன்னால்தான் நடக்கவேண்டும் என்று சட்டம் வந்தது.

எல்லாமே நல்ல விஷயங்கள்தான். கொடுத்த கைதான் கெட்ட கை. ஒரு பக்கம் சித்திரவதை அறை, இன்னொரு பக்கம் பெண் விடுதலை மேடை. விளைவு என்ன தெரியுமா? பெண்ணுரிமை என்ற பேச்சுக்கே பிரெஞ்சு முத்திரை விழுந்துவிட்டது. பின்னாளில் எந்த அல்ஜீரியப் பெண் உரிமை கேட்டாலும், "இது வெள்ளைக்காரன் பேச்சு, நம் பண்பாடு இல்லை" என்று வாயடைப்பது சுலபமாகிவிட்டது. பிரெஞ்சுக்காரன் கையால் சாக இருந்த பெண்களைப் பார்த்தே அப்படிச் சொன்னார்கள்.

1962 ஜூலை 1 அன்று விடுதலைக்கான வாக்கெடுப்பு. ஆணும் பெண்ணுமாகக் கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் 'ஆம்' என்றார்கள். ஜூலை 5 விடுதலை. காஸ்பாவின் சந்துகளில் பெண்கள் குலவையிட்டுத் தெருவை நிறைத்தார்கள். செப்டம்பரில் தேர்வான அரசமைப்பு மன்றத்தில் சுமார் 200 பேரில் 10 பேர் பெண்கள். ஸொஹ்ரா திரிஃப் அதில் ஒருவர். 1963 அரசமைப்புச் சட்டம் ஆண் பெண் இருபாலருக்கும் சம உரிமை, சமக் கடமை என்று சொன்னது. அதே ஆண்டு ஃபாத்திமா கெமிஸ்தி என்ற உறுப்பினர் முயன்று, பெண்ணின் திருமண வயதை 16 ஆக உயர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொடக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அதே 1963-ல் வந்த குடியுரிமைச் சட்டம், குடியுரிமை தந்தை வழியில்தான் என்றது. தாய் அந்த மண்ணுக்காகச் சிறை சென்றிருந்தாலும், வெளிநாட்டவரை மணந்திருந்தால் அவள் பிள்ளைக்கு அந்த மண் சொந்தமில்லை. 1964 தேர்தலில் 138 இடங்களில் பெண்கள் 2 பேர்தான் வந்தார்கள். பத்து இரண்டாகச் சுருங்க இரண்டு ஆண்டு போதுமாக இருந்தது. 1965 மார்ச் 8 அன்று அல்ஜியர்ஸ் வீதியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். ஜூன் மாதம் ராணுவப் புரட்சி. பூமெதியென் ஆட்சி. ஒரே கட்சி, அந்தக் கட்சிக்குள் ஒரே பெண்கள் சங்கம். கேட்டால் கட்சிக்குள் கேள், இப்போது நாட்டைக் கட்டும் வேலை இருக்கிறது, பொறு என்பதுதான் பதில்.

பொறுத்தார்கள். 'பொறு' என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டு நீளம் என்று பாருங்கள். குடும்பச் சட்டத்துக்கு வரைவு வருவதும், எதிர்ப்பு வருவதும், அது பெட்டிக்குள் போவதுமாகப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடியது. 1981-ல் இன்னொரு வரைவை அரசு சத்தமில்லாமல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. விஷயம் கசிந்ததும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கல்லூரி மாணவிகள், ஆசிரியைகள், அவர்களோடு பழைய விடுதலைப் போராளிகள். இருபது ஆண்டுக்கு முன்னால் பிரெஞ்சுப் படைக்கு முன் நின்றவர்கள், இப்போது தாங்கள் பெற்றெடுத்த நாட்டின் போலீசுக்கு முன் நின்றார்கள். அவர்களை அடிப்பது அரசுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. 1982 ஜனவரியில் வரைவு திரும்பப் பெறப்பட்டது.

நான் இதைப் படித்தபோது ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். 1984 ஜூன் 9 அன்று அது சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? பெண்ணுக்கு எந்த வயதானாலும் அவள் திருமணத்தை முடித்துக்கொடுக்க ஓர் ஆண் பாதுகாவலர் வேண்டும். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆண் நான்கு மனைவியர்வரை வைத்துக்கொள்ளலாம். கணவன் தன் விருப்பத்துக்கு விவாகரத்து செய்யலாம், மனைவி காரணம் காட்டவேண்டும், அல்லது ஈடு கொடுத்து விலகவேண்டும். பிள்ளைகளின் சட்டப் பொறுப்பு தந்தைக்கு. வேடிக்கை என்னவென்றால், அல்ஜீரியாவில் ஒரு பெண் முதல்முறையாக முழு அமைச்சரானதும் அதே 1984-ல்தான். அவர் பெயர் ஸுஹூர் வனீஸி. அவரும் விடுதலைப் போரில் பங்கெடுத்தவர், எழுத்தாளர். அமைச்சர் நாற்காலியில் ஒரு பெண் உட்காரலாம். அவளே மறுமணம் செய்வதென்றால் பாதுகாவலராக ஓர் ஆண் வந்து நிற்கவேண்டும்.

"வீட்டுச் சட்டம்தானே அத்தை, அரசியலில் ஓட்டு இருக்கிறதே" என்று நம் வீட்டுப் பையன்கள் கேட்பார்கள். அதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. 1991-ல் வந்த தேர்தல் சட்டம், குடும்பப் பதிவேட்டைக் காட்டினால் கணவன் மனைவிக்காகவோ மனைவி கணவனுக்காகவோ வாக்களிக்கலாம் என்றது. எழுத்தில் இருவருக்கும் பொது. நடைமுறையில் யார் யாருடைய ஓட்டைப் போட்டிருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அரசமைப்புக் குழு அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. தன் வாக்கைத் தானே போடுவதற்கே, விடுதலை பெற்று 29 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

வீட்டுக்குள் ஒருத்தியைச் சிறுமியாக வைத்துவிட்டு வாசலில் அவளைக் குடிமகள் என்று கூப்பிட்டால், அந்தக் குடியுரிமை வாசற்படியிலேயே நின்றுவிடும். இந்தக் கதையில் எனக்கு உறைத்தது இதுதான்.

1990-களில் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. முக்காடு போடாததற்காகவும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்ததற்காகவும் பெண்கள் கொல்லப்பட்டார்கள். நானும் அந்த ஆண்டுகளில் கரும்பலகை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதைத் தாண்டியும் அந்தப் பெண்கள் விடவில்லை. 2005-ல் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டது. கீழ்ப்படிதல் என்ற பிரிவு போனது. திருமண வயது இருவருக்கும் 19 ஆனது. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை வந்தது. 1963-ல் செய்த அநியாயம் தீர 42 ஆண்டுகள். பாதுகாவலர் மட்டும் போகவில்லை, அவரைப் பெண்ணே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2012-ல் பெண்களுக்கு இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து, அந்த ஆண்டுத் தேர்தலில் 462 பேரில் 146 பெண்கள் வென்றார்கள். நூற்றுக்கு 31. அரபு நாடுகளில் அன்று அதுதான் முன்னணி. 2021-ல் தேர்தல் முறை மாறியது. வேட்பாளர் பட்டியலில் பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும், ஆனால் வெல்லும் இடங்களில் ஒதுக்கீடு கிடையாது என்றானது. அந்தத் தேர்தலில் பெண்கள் நூற்றுக்கு 8 அளவுக்குச் சரிந்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இருப்பது வேறு, நாற்காலியில் ஆள் இருப்பது வேறு.

சரி, தனித்தனியாக அந்தப் பெண்கள்? ஸொஹ்ரா திரிஃப் வழக்கறிஞரானார், நாடாளுமன்ற மேலவைத் துணைத்தலைவர் வரை உயர்ந்தார், நினைவுக் குறிப்புகள் எழுதினார். ஜமீலா பூஹிரெட் தனக்காக வாதாடிய வழக்கறிஞர் வெர்ஜேயை மணந்தார். பெரும்பாலும் பொதுமேடைகளிலிருந்து ஒதுங்கியே இருந்தார். ஆனால் 2019 மார்ச் மாதம், அதிபரை விலகச் சொல்லி மக்கள் தெருவுக்கு வந்தபோது, எண்பது வயதைத் தாண்டிய அவரும் கூட்டத்தில் வந்து நின்றார். ஜமீலா பூபாஷாவுக்கு 2022-ல் மேலவை உறுப்பினர் பதவி கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அறுபது ஆண்டு கழித்துக் கொடுத்த நாற்காலியை ஒரு கிழவி வேண்டாமென்று தள்ளியதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் படித்தபோது மனம் நிறைந்தது.

அன்புள்ள மாணவியே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண்கள் ஏமாந்துபோனவர்கள் என்று சொன்னால் பாதி உண்மை. அவர்கள் இரண்டு போர் செய்தவர்கள். முதல் போர் ஏழரை ஆண்டில் முடிந்தது, அதற்குப் பதக்கம் உண்டு, தபால்தலை உண்டு. இரண்டாவது இன்னும் முடியவில்லை. போராட்டத்தில் கலந்துகொண்டால் உரிமை தானாக வரும் என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தால், அதை அடித்துவிடு. வெற்றி வரும் நாளில் யார் கையில் பேனா இருக்கிறதோ அவர்கள்தான் சட்டம் எழுதுகிறார்கள். ரொட்டி சுட்ட கைக்கு நன்றி சொல்வார்கள், பேனா தரமாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும், அதுவும் வெற்றிக்கு முன்னாலேயே.

ஒரு வேண்டுகோள். பாரிஸ் பக்கம் குடியேறிய நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் மாடியிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு வயதான அல்ஜீரியப் பாட்டி இருந்தால், ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிடுங்கள். அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "நான் என்ன பெரிசா செஞ்சேன்" என்பார். விடாதீர்கள், இரண்டாம் தடவை கேளுங்கள். சொன்னதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

சிலபஸில் இல்லை என்று இனி சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்